கயிறு யார் கையில்?

மே மாதம் பிறந்தால் ஓசூரில் பல வீடுகளில் பூட்டுத் தொங்கும். சிப்காட் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டுச் சாவியும் நாயும் ஒரு நண்பர் பொறுப்பில் வரும். "பத்து நாள்தான் தம்பி, காலையில கொஞ்சம் நடத்திக் கூட்டிப் போனாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த நடை, நாய்க்கு நாம் காட்டும் சலுகை அல்ல. எந்நேரமும் கட்டிப்போட்ட நாயை உரிமையாளர் நடக்க விடாமல் வைத்திருப்பதும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் பிணைத்திருப்பதும் வதை என்கிறது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியமும் வழிகாட்டியிருக்கிறது.

பொறுப்பு என்று வரும்போது சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு உரிமையாளரைத் தேடுவதில்லை. விலங்கு யார் வசம் இருந்ததோ, அவர் கவனக்குறைவால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரும் நிலை வந்தால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நாய் அண்ணனோடது" என்பது பதிலாகாது. ஆகவே சாவியை வாங்கும் முன் தடுப்பூசிப் புத்தகத்தை வாங்குங்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும், கடிபட்டவரை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு உயிரைக் காப்பாற்றும் மருந்து கிடையாது.

ஓசூர் குளிர்ந்த ஊர் என்று பெயர். வெயில் ஏறிய தார்ச்சாலைக்கு அது தெரியாது. புறங்கையை ஐந்து விநாடி சாலையில் வைத்துப் பாருங்கள்; உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். அதற்காக இருள் பிரியும் முன்பே கிளம்புவது இந்தப் பக்கத்தில் பெரிய தவறு. சானமாவு, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, தளி வட்டாரங்களில் யானைகள் வயலிலிருந்து காட்டுக்குத் திரும்பும் நேரம் அது. யானையைக் கண்ட நாய் குரைத்துக்கொண்டு முன்னே பாயும். யானை துரத்தினால் திரும்பி ஓடிவரும். நேராக உங்களிடம்தான் வரும். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, காட்டோரம் தவிர்த்து, கயிறு அவிழ்க்காமல் நடப்பதே நல்லது. காப்புக்காட்டிலும் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்திலும் அனுமதியின்றி நுழைவது குற்றம்.

எனக்கு யானையைவிட அதிகப் பயம் திருட்டு மின்வேலி மீது. 2023 மார்ச்சில் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. தாயை இழந்த குட்டிகள் அங்கேயே சுற்றி நின்றன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவுசெய்ய மாநில அரசு விதிகள் கொண்டுவந்தது. ஆனாலும் வரப்போரம் தாழ்வாக ஓடும் கம்பியைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள். நாய் சிக்கித் துடித்தாலும் கையால் இழுக்காதீர்கள். மின்னகம் எண் 94987 94987-ஐ அழைத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

மாந்தோப்புக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளும் அங்கே உண்டு. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தென்பெண்ணையில் நுரை மிதக்கும் தண்ணீரை நாய் நக்கவே கூடாது. குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். வெயிலில் நாய் மூச்சு இரைத்துத் தள்ளாடினால் நிழலில் படுக்கவைத்து, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, உடனே கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும்.

கால்நடை ஆம்புலன்சுக்கு 1962, மனிதர்களுக்கு 108. தளி, பாகலூர் எல்லையில் நின்று அழைத்தால் அழைப்பு கர்நாடகப் பக்கம் போய்விடக்கூடும். எடுத்தவுடன் "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று சொல்லிவிட்டு, பிறகு ஊர்ப்பெயரைச் சொல்லுங்கள்.