சிலம்பு மாறுகிறது, கண்ணகியும் மாறுகிறாள்

தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளை பரீட்சைக் காலத்தில் வீட்டில் உரத்து மனனம் செய்வதைத் தாய்மார் கேட்டிருப்பீர்கள். "கண்ணகி கற்புக்கரசி, கோவலன் வணிகன், பாண்டியன் நீதி தவறினான்" என்று குறிப்புக் கொப்பியில் உள்ளது அப்படியே வரும். ஆனால், "கண்ணகி ஆரம்பத்தில் எப்படி இருந்தாள், முடிவில் எப்படி ஆனாள்?" என்று வினவினால் பல பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். வினாத்தாளில் பாத்திர வளர்ச்சி, குறியீடு, கருப்பொருள் என்று கேட்கப்படுவது இதைத்தான்.

இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என மூன்று காண்டங்களும் 30 காதைகளும் கொண்டது. அதன் பெயரிலேயே சிலம்பு இருக்கிறது. எனவே அந்த ஆபரணத்தைப் பின்தொடர்ந்து போனால் கதையின் உட்பொருள் தானாகவே பிடிபடும்.

ஒரு சிலம்பு, பல பொருள்

மணமாகும்போது கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16. சில காலத்தில் அவன் மாதவியிடம் போய்விடுகிறான். அப்போது கண்ணகியின் பாதங்களில் சிலம்பு இல்லை என்று புலவர் காட்டுகிறார். கழற்றி வைக்கப்பட்ட சிலம்பு அவளுடைய தனிமையின் அடையாளம். பொருளை எல்லாம் இழந்து கோவலன் வெட்கத்தோடு திரும்பி வரும்போது, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அங்கே அது பிழைப்புக்கான முதலாகிறது. மதுரையில் அதே சிலம்பு களவுப் பழிக்குக் காரணமாகிறது. இறுதியில் அரச சபையில் அதுவே சாட்சியாகி நிற்கிறது. பொருள் ஒன்று; இடத்துக்கு இடம் அது சுமக்கும் கருத்து வேறு. குறியீடு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் பிள்ளைக்குத் தேவையில்லை.

மௌனத்திலிருந்து வழக்குக்கு

கண்ணகி திடீரென்று கோபக்காரியாக மாறிவிட்டாள் என்று எழுதும் மாணவர் உண்டு. அது சரியன்று. மாற்றம் படிப்படியாக வருகிறது. கணவன் திரும்பி வருவதற்காகக் குளங்களில் நீராடித் தெய்வம் தொழச் சொல்கிறாள் தோழி தேவந்தி. அது பெருமை தருவதன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். வாய் திறவாத பெண்ணுக்குள்ளும் உறுதி இருந்தது என்பதற்கு இது முதல் அடையாளம்.

இரண்டாவது, மதுரையில் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியின் அடைக்கலத்தில். தன் கையால் சமைத்துக் கணவனுக்கு உணவிட்ட பின், உங்கள் நடத்தை பெரியோர் போற்றாத நடத்தை என்று அவள் நேராகவே சொல்லிவிடுகிறாள். குரல் உயரவில்லை, ஆனால் இத்தனை காலம் அடக்கி வைத்த சொல் வெளியே வந்துவிட்டது. அவர்கள் சேர்ந்திருந்த கடைசி வேளையும் அதுவே.

மூன்றாவது, அரச சபை. ஊர் பேர் தெரியாத நகரில், கணவனை இழந்த ஒரு பெண், கையில் ஒற்றைச் சிலம்போடு அரசனை நோக்கி வினவுகிறாள். அழுது முறையிடுவதோடு அவள் நிற்கவில்லை, ஆதாரம் காட்டுகிறாள். அரசி கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம். உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிகிறது.

ஒரு சொல்லின் விலை

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன். ஊடல் கொண்ட தேவியைச் சமாதானம் செய்யப் போகும் அவசரத்தில், களவு செய்த பொற்கொல்லனின் பேச்சை நம்பி, விசாரியாமல் கொலைக்கு உத்தரவிட்டான். கொல்லப் போன காவலருக்குக்கூடச் சந்தேகம் வந்தது, அரசனுக்கு வரவில்லை. உண்மை தெரிந்ததும் தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். ஆட்சி செய்வோர் பிழைத்தால் அறமே எமனாகும் என்ற கருப்பொருள் இங்கே முழுமை பெறுகிறது. பிறர் பேச்சைக் கேட்டுத் தீர விசாரியாமல் முடிவு சொல்லும் பழக்கம் அரண்மனைக்கு மட்டும் உரியதா? நம் குடும்பங்களிலும் ஒரு மருமகள் மீது, ஒரு வேலைக்காரப் பிள்ளை மீது அப்படிப் பழி விழுவதில்லையா?

நம் பிள்ளைகள் படிக்கலாமா?

கிழக்கிலங்கைத் தமிழர் கண்ணகியைத் தெய்வமாக வழிபடுகின்றனர். சிங்கள மக்களிடையே அவள் பத்தினித் தெய்வம். இலங்கை மன்னன் கயவாகுவின் பெயரும் இந்நூலில் வருகிறது. இதனால் சில பெற்றோர் தயங்குவதுண்டு. வழிபாடு வேறு, இலக்கியம் கற்பது வேறு. அயலவர் எதை மதிக்கிறார்கள், ஏன் மதிக்கிறார்கள் என்று அறிந்த பிள்ளை அவர்களோடு கண்ணியமாகப் பழகும். அநீதிக்கு முன் ஆதாரத்தோடு பேசிய ஒரு பெண்ணின் கதை நம் பெண் பிள்ளைகளுக்கும் வேண்டியதுதான்.

தாய்மாரே, இலக்கியம் கற்பிக்க நீங்கள் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. குசினியில் வேலை செய்துகொண்டே பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பாத்திரம் முதலில் எப்படி இருந்தது? எந்த இடத்தில் மாறியது? அதை மாற்றியது எது? ஒவ்வொரு விடைக்கும் நூலிலிருந்து ஒரு சம்பவத்தைக் காட்டச் சொல்லுங்கள். கோவலனுக்கும், அவன் இறந்த செய்தி கேட்டுத் துறவு பூண்ட மாதவிக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அப்படிப் பழகிய பிள்ளைக்குக் குறிப்புக் கொப்பியின் தேவை தானாகவே குறைந்துவிடும்.