கூடைப்பந்து மாணவனுக்கு ரூ.65 லட்சம் பேரம்!
அப்பா வாங்கினார், மகன் வாழ்க்கை போச்சு

தர்மபுரி மாவட்ட அப்பாக்கள் படிக்க வேண்டிய கதை இது.

அரூரோ, பாலக்கோடோ, பென்னாகரமோ, பையன் நெடுநெடுவென்று வளர்ந்து கூடைப்பந்தில் கலக்குகிறான் என்று வையுங்கள். "நான் பார்த்துக்கறேன், பெரிய காலேஜில் சேர்த்து விடறேன்" என்று ஒரு ஆசாமி வீடு தேடி வரலாம்.

அமெரிக்காவிலும் அப்படித்தான் வந்தார்கள்.

ரகசியப் பேச்சு

பிரையன் போவன் என்ற மாணவன் பிரமாதமாக ஆடுவான். 2017-ம் ஆண்டு அவன் லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அவனை அங்கே சேர்க்க அவன் அப்பாவுக்கு 1 லட்சம் டாலர் என்று ரகசியமாகப் பேரம் முடிந்தது. அன்றைய மதிப்பில் சுமார் ரூ.65 லட்சம்! தவணை முறையில் தருவதாக ஏற்பாடு.

பணம் யாருடையது? அடிடாஸ் ஷூ கம்பெனி பணம்! லூயிவில் அணி அந்தக் கம்பெனி ஷூவைத்தான் போட்டு ஆடியது. பையன் நாளைக்குப் பெரிய ஆட்டக்காரன் ஆனால் தங்கள் பக்கம் இருப்பான் என்பது கணக்கு.

மாணவ ஆட்டக்காரர்கள் இப்படிப் பணம் வாங்கக்கூடாது என்பது அன்றைய விதி.

10 பேர் கைது

போனை ஒட்டுக்கேட்டு, ஓட்டல் அறையில் ரகசிய கேமரா வைத்து, எப்.பி.ஐ. போலீசார் வலை விரித்தார்கள். 26-9-2017 அன்று 10 பேர் சிக்கினார்கள். அதில் 4 பேர் துணைப் பயிற்சியாளர்கள்! ஒருவர் சக் பெர்சன், முன்னாள் பிரபல வீரர். மாணவர்களைக் குறிப்பிட்ட நிதி ஆலோசகரிடம் தள்ளிவிட அவர் வாங்கிய லஞ்சம் 91,500 டாலர்.

லூயிவில் பயிற்சியாளர் ரிக் பிடினோ வேலை இழந்தார். "எனக்கு எதுவும் தெரியாது" என்றார். அவர் மீது வழக்கு இல்லை.

2019-ல் அடிடாஸ் அதிகாரி ஜேம்ஸ் கேட்டோவுக்கு 9 மாதம் ஜெயில். தரகு பார்த்த இருவருக்குத் தலா 6 மாதம்.

அப்பா அரசுத் தரப்பு சாட்சியாகித் தப்பினார். "மகனுக்கு ஒன்றும் தெரியாது" என்று கோர்ட்டில் சொன்னார். ஆனால் அந்த மகன் கல்லூரி அணிக்காக ஒரு மேட்ச் கூட ஆட முடியவில்லை! கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆடினான்.

இப்போது விதி மாறிவிட்டது. 2021 முதல் மாணவர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். எல்லாம் வெளிப்படையாக, கணக்கோடு!

நம்ம ஊரில்

தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு. நன்றாக ஆடும் பிள்ளைகளுக்கு பீஸ், ஹாஸ்டல், சாப்பாடு இலவசமாகத் தரும் கல்லூரிகளும் இருக்கின்றன. பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய வாழ்வு.

அதனால்தான் உஷார்! கல்லூரி தருகிறேன் என்றால் கல்லூரிக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். சர்டிபிகேட் "ரெடி பண்ணித் தர்றேன்" என்பவனை நம்பாதீர்கள். அது போலி என்று தெரிந்தால் மாட்டுவது உங்கள் பிள்ளை. கட்டாய நன்கொடை வாங்குவதை 1992-ம் ஆண்டு சட்டமே தடை செய்கிறது. அரசு ஊழியர் கை நீட்டினால் லஞ்ச ஒழிப்பு போலீசில் சொல்லுங்கள்.

ரகசியமாகக் காசு கேட்டால் வாசலோடு அனுப்புங்கள். ரகசியமாகக் காசு கொடுத்தாலும் அப்படியே!