பேர் தெரியாத பாட்டி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். டி.வி.யில் 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). கல்யாண வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்டும் அந்தப் பாலக்காட்டுப் பாட்டி வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"இந்தப் பாட்டி பேரு என்னாம்மா?" என்று கேட்டார் மாமியார். எனக்குச் சட்டென்று வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. எத்தனை வருஷமாகப் பார்க்கிற முகம்!

எஸ்.என். லட்சுமி. விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வீட்டில் பதின்மூன்றாவது குழந்தை. சிறு பெண்ணாகவே நாடகத்துக்கு வந்து, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் குழுவில் பயின்றவர். 'சந்திரலேகா' (1948) முரசு நடனத்தில் கூட்டத்தில் ஒருவராக ஆடியவர். எம்.ஜி.ஆரின் 'பாக்தாத் திருடன்' (1960) படத்தில் டூப் இல்லாமல் சிறுத்தையோடு சண்டை போட்டவர் என்றும் சொல்வார்கள். அந்தப் பாட்டியா என்று மாமியார் நம்பவே மாட்டேன் என்றார்!

எனக்கு மனசில் நிற்பது 'சர்வர் சுந்தரம்' (1964). அதில் நாகேஷுக்கு அம்மா. நாகேஷுக்கு அப்போது வயது முப்பதுக்கு மேல் ஒன்றோ இரண்டோ. லட்சுமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நம்மை யாராவது "என்னங்க பாட்டி" என்றால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. அவரோ அந்த வயதிலேயே அம்மா வேஷத்தை ஏற்றுக்கொண்டு, அதிலேயே பேர் எடுத்தார். மகன் நடிகனாகிவிட்ட பிறகு அந்தத் தாய் படும் தவிப்பைப் பார்த்து நான் சின்னப் பெண்ணாக அழுதிருக்கிறேன்.

இத்தனை பேருக்கு அம்மாவாகவும் பாட்டியாகவும் நடித்தவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதைத் தெரிந்துகொண்டபோது எங்கள் பெரிய அத்தை ஞாபகம்தான் வந்தது. அவரும் கல்யாணம் ஆகாதவர். எங்கள் எல்லோருக்கும் வசம்பு உரசிக் கொடுத்தவர் அவர்தான். ரேஷன் கார்டு பார்த்துத்தான் அவர் பேரே எனக்குத் தெரிந்தது.

கல்யாணமான புதுசில் விருத்தாசலம் போய் 'விருமாண்டி' (2004) பார்த்தோம். (எங்கள் மங்களூர் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர். "அங்கே கடல் மீன் நிறையக் கிடைக்குமே" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் இன்னும் உண்டு!) திரும்பும்போது வாங்கிய பீங்கான் பொம்மை இன்னும் ஷோ-கேஸில் இருக்கிறது. அந்தப் படத்தின் கிராமத்துப் பாட்டியும் இவரேதான். பாலக்காட்டுப் பேச்சு பேசிய அதே வாயா இது! நடை, உட்காரும் விதம் எல்லாமே வேறு. 'தேவர் மகன்', 'மகாநதி' இரண்டிலும்கூட இருக்கிறார். 'மகாநதி'யை மட்டும் இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியமில்லை.

1500 நாடகம், 200 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள். கலைமாமணி விருதும் பெற்றவர். வயதாகிவிட்டதே என்று ஓய்ந்து உட்காரவும் இல்லை. டி.வி. தொடர்களிலும் பாட்டியாக வந்தார். 'சரவணன் மீனாட்சி' ஓடிக்கொண்டிருந்த சமயத்தில், 2012 பிப்ரவரி 20-ஆம் தேதி சென்னையில் காலமானார். எண்பது வயது தாண்டியும் மேக்கப் போட்டு வேலைக்குப் போனவர்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாமியாரிடம், "அத்தை, அந்தப் பாட்டி பேர் எஸ்.என். லட்சுமி" என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், பால்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "மைக்கேல் மதன காமராஜன்ல வர்ற பாட்டி இருக்கே, அது பேரு என்னான்னு சொல்லு பார்க்கலாம்?"