ப்ளூடூத்தை ஆன் செய்வது யார்... ஆப்பா, நீங்களா?

உடுமலைப்பேட்டை கடைவீதியில் செல்போனில் கணக்குப் போட்டு, கையடக்க பிரின்டரில் பில் கிழித்துத் தரும் கடைகள் உண்டு. போனையும் பிரின்டரையும் சேர்த்துவைப்பது ப்ளூடூத். அது ஆஃப் ஆகியிருந்தால், முன்பெல்லாம் ஆப்பே சத்தமில்லாமல் ஆன் செய்துகொள்ளலாம். வசதிதான். ஆனால், வேண்டாத ஆப்பும் அதையே செய்யலாமே!

2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 இதற்குப் பூட்டுப் போட்டது. அதற்கென எழுதப்படும் ஆப்கள், ‘ஆன் செய்யட்டுமா?’ என்று நம்மிடம் கேட்கத்தான் முடியும்.

இன்னொரு தலைவலியும் இருந்தது. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, பக்கத்தில் இருக்கும் பிரின்டரைத் தேடவே லொகேஷன் அனுமதி கேட்டார்கள். சுற்றியுள்ள ப்ளூடூத் சிக்னல்களை வைத்தே நாம் இருக்கும் இடத்தை ஊகிக்கலாம் என்பதுதான் காரணம். ஆண்ட்ராய்டு 12-லிருந்து ‘அருகிலுள்ள சாதனங்கள்’ எனத் தனி அனுமதி வந்துவிட்டது. பில் ஆப் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். டார்ச் லைட் ஆப் கேட்டால், மறுத்துவிடுங்கள்.