மலைப்பாதையும் மின்கலத் தெரிவும்

2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது, முச்சக்கரவண்டியொன்றுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் முறையில் வரையறுக்கப்பட்ட நாட்களை ஊவா மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். பசறையிலும் வெல்லவாயவிலும் எரிபொருள் நிலைய வரிசைகளிலேயே இரவைக் கழித்த சாரதிகள் பலர், பெற்றோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரைப் பொருத்தினால் என்ன என்று சிந்திக்கத் தலைப்பட்டது அக்காலத்தில்தான். வண்டியை மாற்றியமைக்கும் வேலைத்தலங்களை நாடுவோர் முதலில் கேட்பது மோட்டாரைப் பற்றியே. ஆனால் செலவில் பெரும்பகுதியை விழுங்குவதும், வண்டி மலையேறுமா இடைவழியில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பதும் மின்கலம், அதாவது பற்றரிதான்.

இவ்வாறான மாற்றங்களில் பரவலாகப் பயன்படும் 48 வோல்ற்று அமைப்பு, கோல்ப் திடல்களில் ஓடும் மின்சாரச் சிறுவண்டிகளிலும் நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. வெட்டிச் சமப்படுத்திய புல்வெளியில், ஓரிருவரை ஏற்றிக்கொண்டு, நின்று நின்று செல்லும் வண்டி அது. ஆறு 8 வோல்ற்று ஈயப் பற்றரிகளைத் தொடராக இணைத்தால் அதன் தேவை நிறைவேறிவிடும். அதே அளவுகோலை எல்ல மலைப்பாதைக்குக் கொண்டுவருவதில்தான் தவறு தொடங்குகின்றது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். வெல்லவாய நகரம் கடல் மட்டத்திலிருந்து 200 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலும், எல்ல ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இடைப்பட்ட தூரம் 27 கிலோமீற்றர் அளவில் இருக்கும். வண்டி, பற்றரி, சாரதி, மூன்று பயணிகள், அவர்களது பொதிகள் என மொத்த நிறை 700 கிலோகிராம் எனக் கொள்வோம். இந்நிறையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், மின்சாரப் பட்டியலில் நாம் காணும் அலகில் ஏறக்குறைய 1.6 அலகு வேண்டும். சில்லுகளின் உராய்வுக்கு முக்கால் அலகு. மோட்டாரிலும் கட்டுப்படுத்தியிலும் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், ஒரு தடவை ஏறுவதற்கு மாத்திரம் 3 அலகு செலவாகிவிடும்.

இனி, 48 வோல்ற்று 100 அம்பியர்-மணி என்று முகப்பில் எழுதப்பட்ட ஈயப் பற்றரித் தொகுதியை எடுத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் 4.8 அலகு. தாராளமாகப் போதும் என்றே தோன்றும். ஆயினும் அந்த 100 என்பது மின்னை 20 மணித்தியாலங்களில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. ஒரு மணித்தியாலத்தில் உறிஞ்சி எடுத்தால் அதில் பாதியளவோ, சற்று மேலோதான் கிடைக்கும். எஞ்சியதையும் முற்றாகத் தீர்த்துவிடக்கூடாது, தீர்த்தால் பற்றரியின் ஆயுள் குறுகிவிடும். ஆகவே பயன்படுத்தத்தக்கது இரண்டரை அலகுக்குள் அடங்கிவிடுகின்றது. எல்லயை அடையுமுன்பே வண்டி சோர்ந்துவிடுவதற்குக் காரணம் இதுவேயன்றி மோட்டாரின் குறைபாடன்று. அதே அளவுள்ள லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுத் தொகுதியோ ஏறத்தாழ 5 அலகு கொண்டது. அதில் நான்கு அலகுக்கு மேல் எடுத்தாலும் பாதகமில்லை.

நிறையிலும் வேறுபாடு பெரிது. அத்தகைய ஈயத் தொகுதி 120 கிலோகிராமை நெருங்கும். லிதியத் தொகுதி 50 கிலோகிராமுக்குள் நின்றுவிடும். வேறுபாடாகிய 70 கிலோகிராம், பசறைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்பவருக்கு ஒரு மூடைக்கு மேல்.

இதற்காக ஈயப் பற்றரியை முற்றாக ஒதுக்கிவிடுமாறு நாம் கூறவில்லை. மொனராகலை மாவட்டத்தில் மலையும் உண்டு, சமவெளியும் உண்டு. கதிர்காமத்தில் ஆலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் வரும் யாத்திரிகர்களைத் தரிப்பிடத்திலிருந்து ஏற்றியிறக்கும் வண்டிக்கும், புத்தல நகருக்குள் குறுந்தூரம் ஓடும் வண்டிக்கும், ஆழச் சுழற்சிக்கென அமைந்த நல்ல ஈயப் பற்றரி போதுமானதாக இருக்கக்கூடும். முதலீடு குறைவு, எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம். அதேவேளை, சமவெளியின் வெக்கையையும் மறந்துவிடலாகாது. 25 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பநிலை 10 பாகை உயரும்போது ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது துறைசார்ந்தோர் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. பண்டாரவளையின் குளிரில் நான்கு வருடம் உழைக்கும் பற்றரி வெல்லவாயவிலும் அவ்வாறே உழைக்குமென எதிர்பார்ப்பதற்கில்லை.

விலையைப் பொறுத்தவரையில், லிதியம் மூன்று மடங்கென்றே வைத்துக்கொள்வோம். ஆழமாகத் தீர்த்து மீண்டும் ஏற்றும்போது ஈயப் பற்றரி 300 முதல் 500 தடவை வரையில் தாங்கும். லிதியம் இரும்புப் பொஸ்பேற்று 2,000 தடவையைத் தாண்டும். நாள்தோறும் ஓடும் வண்டிக்கு எது மலிவென்பது இதிலேயே விளங்கும். ஆனால் கையில் பணமின்றி லீசிங் தவணையோடு போராடும் சாரதியிடம் ஐந்தாண்டுக் கணக்கைக் காட்டிப் பயனில்லை. கூட்டுறவுச் சங்கங்களும் வங்கிகளும் வண்டிக்குக் கடன் வழங்குவதைப்போன்று பற்றரிக்கும் கடன் வழங்க முன்வந்தாலன்றி, அவர் மலிவானதை வாங்கி இரு தடவை செலவழிப்பதைத் தடுக்க முடியாது.

இவ்விடயத்தில் ஊவாவுக்கு ஒரு முன்னனுபவம் உண்டு. மின்சாரம் எட்டாத கிராமங்களில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக மோட்டார் கார் பற்றரியை நகரத்துக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வந்த காலம் அது. பின்னர், உலக வங்கியின் நிதியுதவியுடன் 1997இலும் 2002இலும் ஆரம்பிக்கப்பட்ட திட்டங்களின் வழியே வீட்டுச் சூரிய மின்தொகுதிகள் பரவின. ஊவா மாகாண சபையும் அதற்கு மானியம் வழங்கியது. கார் பற்றரி, இயந்திரத்தைக் கிளப்புவதற்காகச் சில நொடிகள் பெரும் மின்னைத் தருவதற்கென ஆக்கப்பட்டது. இரவுதோறும் அடிவரை தீர்த்தால் அது சில மாதங்களில் செத்துவிடும். மலிவென்று அதையே வாங்கி ஏமாந்த குடும்பங்கள் அன்று அநேகம். இன்று முச்சக்கரவண்டியிலும் கார் பற்றரிகள் நான்கை இணைத்து ஓட்டிப் பார்க்கலாமென்று எண்ணுவோர் அந்தப் பழைய நட்டத்தையே மீண்டும் விலைகொடுத்து வாங்குகின்றனர்.

2015ஆம் ஆண்டளவில் இந்நாட்டுக்குப் பெருமளவில் வந்த நிசான் லீஃப் கார்களிலிருந்து கழற்றிய கலங்களும் விற்பனைக்கு வருவதுண்டு. விலை கவர்ச்சியானது. ஆனால் அவை இரும்புப் பொஸ்பேற்று வகையைச் சேர்ந்தவையல்ல, அளவுமீறிச் சூடேறினால் எளிதில் தீப்பற்றும் இயல்பு கூடியவை. கொள்ளளவை அளந்துகாட்டாத விற்பனையாளரிடம் அவற்றை வாங்குவது உசிதமன்று. எவ்வகையாயினும், பழைய கலத்தையும் புதிய கலத்தையும் ஒரே தொடரில் கலக்கவே கூடாது. நலிந்த கலம் முந்தித் தீர்ந்து ஏனையவற்றையும் இழுத்து வீழ்த்திவிடும்.

லிதியத்தை வாங்குவோர் அம்பியர்-மணியை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகின்றனர். கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி, அதனுள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று, அதாவது பீ.எம்.எஸ்., தொடர்ச்சியாக எத்தனை அம்பியரை அனுமதிக்கும் என்பதாகும். நூற்றுக்கு எட்டு மீற்றர் உயரும் சரிவில் 700 கிலோகிராம் நிறையுடன் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும்போது மோட்டார் 100 அம்பியரை இழுக்கும். சரிவு பன்னிரண்டானால் 130ஐத் தாண்டும். தோட்டப் பாதைகளில் அத்தகைய சரிவு அபூர்வமன்று. பீ.எம்.எஸ்.ஸின் எல்லை 100 அம்பியராக இருந்தால், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏறும் வண்டி நடுவழியில் ஒரே நொடியில் மின்னை இழந்து பின்னோக்கி உருளத் தொடங்கலாம். ஆகவே மலைநாட்டுச் சாரதி 150 அம்பியருக்குக் குறைந்ததை ஏற்கலாகாது என்பதே எமது கருத்து.

ஏற்றத்தைப் போன்றே இறக்கமும் கவனத்துக்குரியது. இறங்கும்போது மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி வேகத்தைத் தணிப்பதுடன், பற்றரிக்குச் சிறிது மின்னையும் திருப்பித் தரும். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கினால் அரை அலகு வரை மீளக்கூடும். ஆனால் மலையுச்சியில் வசிப்பவர் இரவில் பற்றரியை முழுமையாக நிரப்பிவிட்டுக் காலையில் இறங்குவாரானால், நிரம்பிய பற்றரியில் அம்மின்னுக்கு இடமிராது. பீ.எம்.எஸ். அதனை மறுத்துவிடும். பழகிய வேகத்தடை அவ்வேளையில் கிடைக்காது. முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின்மீது விழும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்த துயரத்தின் பின்னர், இவ்வீதியில் பிரேக் பற்றி எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. உச்சியில் வாழ்வோர் பற்றரியைப் பத்தில் ஒன்பது பங்குடன் நிறுத்திக்கொள்வதும், பழைய பிரேக்கைக் கழற்றாமல் செவ்வனே பேணுவதும் அவசியம்.

மின்னேற்றுவது எங்கே என்ற கேள்வியும் உண்டு. ஐந்து அலகு கொண்ட பற்றரியை 15 அம்பியர் மின்னேற்றி நிரப்புவதற்கு ஆறேழு மணித்தியாலம் செல்லும். அவ்வளவு நேரமும் அது ஓர் அழுத்தி அளவு மின்னை இடையறாது இழுத்துக்கொண்டிருக்கும். லயன் அறைகளில் பல்லாண்டுகளுக்கு முன் இழுத்த மெல்லிய கம்பிகளும் ஒரே செருகியில் தொங்கும் பல இணைப்புகளும் இச்சுமைக்கு ஏற்றவையல்ல. மின்னொழுக்கினால் ஒரு அறையில் பற்றிய தீ வரிசை முழுவதையும் சாம்பலாக்கிய செய்திகளை நாம் எத்தனை முறை வெளியிட்டிருப்போம்! தனிக் கம்பி, தனி மின்னறுப்பான், படுக்கும் இடத்திலிருந்து விலகிய கூரையடி ஆகிய மூன்றும் இல்லாதவிடத்து வீட்டில் மின்னேற்றலாகாது. தோட்ட நிர்வாகங்கள் வண்டித் தரிப்பிடத்தில் மானியுடன் கூடிய இரண்டொரு மின்னேற்றும் இடங்களை அமைத்துக் கொடுப்பது பெருஞ்செலவான காரியமல்ல. ஈயப் பற்றரிக்குரிய மின்னேற்றியை லிதியத்துக்கு மாட்டுவதும் ஆபத்தானது. இரண்டினதும் உச்ச வோல்ற்றளவு வேறு.

மாற்றிய வண்டியின் விபரத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் காப்புறுதியிலும் சேர்ப்பது குறித்து, பணம் கொடுப்பதற்கு முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் பெற்றோல் என்றிருக்கும் வண்டி விபத்துக்குள்ளானால் நட்டஈட்டுக் கோரிக்கை சிக்கலுக்குள்ளாகும். வேலைத்தலத்துக்கு இறுதித் தவணையைச் செலுத்துமுன், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தாம் நாளாந்தம் ஏறும் மலையில் ஒரு தடவை ஏறிக்காட்டும்படி கேட்பதில் தவறேதுமில்லை. வேலைத்தலத்தின் முன்னாலுள்ள தட்டையான வீதியில் எந்தப் பற்றரியும் ஓடும்.