ஸ்டில் கேமராவில் நிக்காஹ் வீடியோ: எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



சில வருடங்களுக்கு முன் திருவண்ணாமலையில் எங்கள் உறவினர் வீட்டு நிக்காஹ் நடந்தது. போட்டோ எடுக்க வந்தவரே அதே கேமராவில் வீடியோவும் எடுத்தார். ஒரு மாதம் கழித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். படம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பயான் முடிந்து இமாம் குத்பா ஓதுகிறார். பெண்ணின் அத்தா மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கிறார். அந்த இடத்தில் காட்சி நின்றுவிட்டது. அடுத்து வந்தது சாப்பாட்டுப் பந்தி! கேமரா தானாகவே பதிவை நிறுத்திவிட்டதை எடுத்தவர் கவனிக்கவில்லை.

அந்த அத்தா பின்னர் வஃபாத்தாகிவிட்டார். தன் மகளை மணமுடித்துக் கொடுத்தபோது அவர் சொன்ன வார்த்தைகளைக் கேட்க அந்த மகளுக்கு இனி வழியில்லை. இந்த இழப்பு இன்னொரு வீட்டில் நேரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

ஸ்டில் கேமராவுக்கு வீடியோ வந்த கதை

2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நிக்கான் டி90தான் வீடியோ வசதியோடு வந்த முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா. அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 முழு ஹெச்டி தரத்தோடு அறிவிக்கப்பட்டது. சாதாரண வீடியோ கேமராக்களைவிட இவற்றின் சென்சார் பெரியது. அதனால் குறைந்த வெளிச்சத்திலும் படம் நன்றாக வரும். முகம் தெளிவாகவும் பின்னணி மங்கலாகவும் அழகாகத் தெரியும். 2012ல் வெளியாகி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற 'வழக்கு எண் 18/9' படமே ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டதுதான்.

சினிமாவே எடுக்கலாம் என்றால் நிக்காஹ் எடுக்க முடியாதா என்று கேட்கலாம். சினிமாவில் ஒவ்வொரு காட்சியும் சிறு சிறு துண்டுகளாக எடுக்கப்படுகிறது. தவறினால் மீண்டும் எடுக்கலாம். குரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஈஜாப் - கபூல் ஒரே முறைதான் சொல்லப்படும். நிக்காஹின் உயிரே அந்த வார்த்தைகளில்தான் இருக்கிறது. ஸ்டில் கேமராவின் பலவீனமோ நேரத்திலும் ஒலியிலும் இருக்கிறது.

ஏன் தானாக நிற்கிறது?

காரணங்கள் சில உண்டு. பழைய கேமராக்கள் மெமரி கார்டில் ஒரு கோப்பை 4 ஜிபிக்கு மேல் எழுத முடியாது. 5டி மார்க் 2ல் முழு ஹெச்டி வீடியோ சுமார் 12 நிமிடத்தில் இந்த அளவை எட்டிவிடும். பின்னர் வந்தவை 4 ஜிபி ஆனதும் தானாக அடுத்த கோப்பைத் தொடங்கின. ஆனாலும் பலவற்றில் 29 நிமிடம் 59 விநாடி என்ற வரம்பு இருந்தது. தொடர்ந்து 30 நிமிடம் பதிவு செய்யும் கேமராவை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி வீடியோ கேமராவாகக் கருதி வரி விதித்ததே இதற்குக் காரணம். இப்போது வரும் பல மாடல்களில் இந்த வரம்பு இல்லை. ஆனால் நம் ஊர் ஸ்டுடியோக்களில் பழைய கேமராக்கள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இவை தவிர, சென்சார் சூடேறினாலும் பேட்டரி தீர்ந்தாலும் பதிவு நின்றுவிடும்.

எனவே, குத்பா முடிந்ததும் பதிவை ஒருமுறை நிறுத்தி, உடனே மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். ஈஜாப் - கபூல் புதிய பதிவில் முழுமையாக விழும். முடிந்தால் இன்னொரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓட விடுங்கள்.

ஒலியைத் தனியாகப் பிடியுங்கள்

கேமராவில் உள்ள சிறிய மைக், பத்தடி தூரத்தில் மெதுவாகப் பேசுபவரின் குரலைவிட, பக்கத்தில் அழும் குழந்தையின் குரலையே நன்றாகப் பதிவு செய்யும். லென்ஸ் ஃபோகஸ் செய்யும் சத்தமும் அதில் விழும். திருவண்ணாமலையில் பௌர்ணமி நாளில் நிக்காஹ் வைத்தால் கேட்கவே வேண்டாம். கிரிவலக் கூட்டத்துக்கு வரும் பஸ்களின் ஹாரன் சத்தம் மண்டபத்துக்குள்ளும் கேட்கும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு செல்போனில் குரல் பதிவைத் தொடங்கி, அழைப்பு வராமலிருக்க ஃப்ளைட் மோடில் போட்டு, இமாமின் அனுமதியோடு அவர் முன்னால் வைத்துவிடுங்கள். தொடங்கும்போது கேமரா முன் ஒருமுறை கை தட்டினால், எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் சரியாகப் பொருத்திவிடலாம். சட்டையில் குத்தும் காலர் மைக் இருந்தால் இன்னும் நல்லது.

படத்துக்குச் சில குறிப்புகள்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய ரக ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல், பதிவை விநாடிக்கு 25 பிரேம் என்று வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடாது.

சென்சார் காட்சியை வரி வரியாகப் படிப்பதால், கேமராவை வேகமாகத் திருப்பினால் மண்டபத்துத் தூண்கள் சாய்ந்தது போலத் தெரியும். மெதுவாகத் திருப்ப வேண்டும். லென்ஸ் துவாரத்தை எஃப் 4 அல்லது 5.6ல் வைத்தால், மாப்பிள்ளை சற்று அசைந்தாலும் முகம் மங்காது.

நம் வீட்டார் கவனிக்க வேண்டியவை

பெண்கள் பகுதியில் எடுப்பதாக இருந்தால் பெண் புகைப்படக்காரரை ஏற்பாடு செய்யுங்கள். எந்தப் படமும் விளம்பரத்துக்கோ சமூக வலைதளங்களுக்கோ போகக்கூடாது என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெமரி கார்டை அழிப்பதற்கு முன் முழுப் பதிவையும் இரண்டு இடங்களில் நகலெடுத்து, ஒன்றை உங்கள் வீட்டில் வையுங்கள்.

உருவப்படம், வீடியோ குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வீடியோவே வேண்டாம் என்று முடிவு செய்யும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களும் அந்தச் செல்போன் குரல் பதிவை மட்டும் செய்து வைக்கலாம். எங்கள் வீட்டு அந்த மகள் இன்று தேடுவதும் தன் அத்தாவின் குரலைத்தான்.

அடுத்த நிக்காஹுக்குக் கேமராக்காரரிடம் விலை பேசும்போது, "ஆல்பத்தில் எத்தனை பக்கம்?" என்று கேட்பதற்கு முன், "உங்கள் கேமரா தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடும்? ஒலிக்கு என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த இரண்டு கேள்விகள் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரலை நாளைய பிள்ளைகளுக்குக் காப்பாற்றித் தரும்.