சைலன்சர் வழியே போகும் பெட்ரோல் காசு!

பைக்கின் சைலன்சரில் தெரியாமல் கால் பட்டுச் சுட்டுக்கொண்ட அனுபவம் பலருக்கு இருக்கும். அந்தச் சூடு சும்மா வந்ததல்ல. பங்க்கில் காசு கொடுத்துப் போட்ட பெட்ரோலின் ஒரு பகுதிதான் அது.

சாதாரண பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை உள்ளே இழுக்கும், அழுத்தும், தீப்பொறி பட்டு எரிந்ததும் கீழே தள்ளப்படும், புகையை வெளியேற்றும். நான்கு முறையும் அது நகரும் தூரம் ஒன்றேதான். சிக்கலே அங்குதான். பிஸ்டன் கீழே போய்ச் சேரும்போதும் வாயுவில் தள்ளும் விசை மிச்சம் இருக்கும். அதற்குள் வால்வு திறந்து எல்லாம் வெளியே போய்விடும். கரும்பு ஜூஸ் கடைக்காரர் ஒரே ஒரு முறை பிழிந்துவிட்டுச் சக்கையைத் தூக்கி எறிவது மாதிரி!

1880-களிலேயே இதற்கு ஒரு வழி கண்டவர் இங்கிலாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் அட்கின்சன். ஜெர்மனியின் நிகோலஸ் ஓட்டோ வாங்கியிருந்த காப்புரிமையில் சிக்காமல் புது இன்ஜின் செய்யக் கிளம்பியவர் அவர். அழுத்தும்போது பிஸ்டன் குறைவான தூரமும், எரிந்து விரியும்போது அதிக தூரமும் போகும்படி செய்தார். அதற்கு அவர் கோத்த இணைப்புத் தண்டுகள் ஏராளம். அவ்வளவு சிக்கலான அமைப்பைக் கார் செய்தவர்கள் ஏற்கவில்லை.

1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டாவின் ப்ரியஸ் விற்பனைக்கு வந்தபோது, அதே யோசனை வேறு வேஷத்தில் வந்தது. கூடுதல் தண்டு எதுவும் இல்லை. வால்வு மூடும் நேரத்தை மட்டும் தள்ளிப்போட்டார்கள். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். மிச்சம்தான் அழுத்தப்படும். அளவுக்கு மேல் அழுத்தினால் கலவை தானாகவே பற்றிக்கொண்டு 'நாக்கிங்' சத்தம் வரும். அந்தத் தொல்லை இல்லாமல், எரிந்த வாயு விரியும் விகிதத்தை 13.5 வரை கொண்டுபோக முடிந்தது.

இலவசமாக எதுவும் கிடைக்குமா? கலவை குறைந்தால் சக்தியும் குறையும். 1.5 லிட்டர் இன்ஜினாக இருந்தும் முதல் ப்ரியஸில் கிடைத்தது 58 குதிரைசக்திதான். சிக்னலில் பச்சை விழுந்ததும் சட்டெனக் கிளம்ப அது போதாது. அந்தக் குறையை ஈடுகட்டியது பேட்டரியில் ஓடும் மோட்டார். ஹைபிரிட் என்றாலே மோட்டாரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வால்வு செய்யும் வேலை கண்ணில் படுவதில்லை. 2015-ல் வந்த நான்காம் தலைமுறை ப்ரியஸ் இன்ஜின், பெட்ரோலில் உள்ள ஆற்றலில் அதிகபட்சம் 40 சதவிகிதத்தை வேலையாக மாற்றியது.

இந்தியாவில் விற்கும் கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் ஹைபிரிட் மாடல்களிலும் இதே உத்திதான். ஆனால், சாதாரண மாடலைவிட விலை அதிகம். மாதம் 300, 400 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறவர்கள், மிச்சமாகும் பெட்ரோல் காசு அந்த வித்தியாசத்தை எத்தனை வருடத்தில் ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு புக் செய்யலாம்.